மேசைக்கு வராத மட்டை

கம்பியைத் துளைக்குள்ள விட்டு, நோயாளரின்ர மட்டைக்கட்டைத் தூக்கி ரெண்டு உலுப்பு உலுப்பினன். ஒரேயொரு மட்டை கழண்டு மேசையில விழுந்தது.

அந்த வருசத்து மழை தொடங்கின கிழமை அது. பதிவறைத் தகரத்தில மழை கொட்டுற சத்தத்தில பக்கத்தில நிண்டு கதைச்சாலும் கேக்காது. யன்னலுக்கு வெளியில ரெண்டு மான் ஆஸ்பத்திரிச் சுவரோட ஒட்டி ஒதுங்கி நிண்டது. என்ர பிளேன்ரீ மேசையில ஆறிக்கொண்டிருந்தது.

மட்டையை எடுத்துப் பார்த்தன். பரீதா. வயது பதினொண்டு. மூதூர். மாதம் ஒருக்கா பென்சிலின் ஊசி. கம்பி போன துளை, ‘மூண்டு மாதம் தொடர்ந்து வராதவர்’ எண்ட துளை.

“பார்த்தீங்களோ அண்ணை, திருப்பியும் ஒண்டு,” எண்டு அற்றெண்டன் முத்தையா அண்ணைக்குச் சொன்னன். “சும்மா குடுக்கிற ஊசியைப் போடவும் வர ஏலாதாம். பிறகு சாகக்கிடக்கேக்க தூக்கிக்கொண்டு ஓடி வருவினம்.”

இதை நான்தான் சொன்னனான் எண்டு எழுத இப்பவும் கை கூசுது. ஆனா சொன்னனான். சொன்னதை ஒளிச்சு வைச்சு எழுதுறதெண்டால் இந்தத் தொடரே தேவையில்லை.

சைக்கிள் கம்பிக் கொம்பியூட்டர்

போன கிழமை ‘எங்கட ஆஸ்பத்திரியிலயும் ஒரு கொம்பியூட்டர் இருந்தது’ எண்டு ஒரு வரி எழுதினாலும் எழுதினன், கடிதத்துக்கு மேல கடிதம். “அக்கா, எழுபதுகளில திருகோணமலையில ஏது கொம்பியூட்டர்? புளுகாதேங்கோ” எண்டு சீனக்குடாவில இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, ஆறுதலா இருந்து கேளும்.

ஆஸ்பத்திரியின்ர பேர் வேண்டாம். அங்க வேலை செய்த ஆக்கள் இன்னும் இருக்கினம், என்னை மாதிரியே வாய்க்காரர். கடலுக்குக் கிட்ட இருந்த சின்ன ஆஸ்பத்திரி எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. நான் அங்க பதிவறைக் கிளாக். வாற நோயாளருக்குத் துண்டு எழுதுறதும், அவையின்ர பழைய கொப்பியைத் தேடி எடுத்துக் குடுக்கிறதும் வேலை. கொப்பி தேடுறது லேசுப்பட்ட வேலையில்லை. அலுமாரியைத் திறந்தால் முதல்ல கரப்பான் வரும், பிறகு கொப்பியில கரப்பான் விட்டுவைச்ச மிச்சம் வரும். ஒருத்தருக்கு என்ன மருந்து ஒத்துக்கொள்ளாது எண்டு அறியிறதுக்குள்ள அந்த மருந்தைக் குடுத்து ஆளையும் வீட்டை அனுப்பியிருப்பினம்.

அப்பத்தான் புது டொக்டர் வந்தார். இங்கிலாந்தில படிச்சுப்போட்டு வந்தவர். அவரின்ர பெட்டியில உடுப்பை விட மட்டைதான் கூட. நாலு கரையிலயும் வரிசையாத் துளை போட்ட தடிச்ச மட்டை. ஒரு நோயாளிக்கு ஒரு மட்டை. ஒவ்வொரு துளைக்கும் ஒரு அர்த்தம். இந்தத் துளை சலரோகம். இந்தத் துளை பென்சிலின் ஒத்துக்கொள்ளாது. இந்தத் துளை இருபதாம் திகதி வரவேணும்.

ஆளுக்கு அந்த விசயம் உண்டெண்டால் அந்தத் துளையைக் கரை வரைக்கும் வெட்டித் திறந்து விடுறது. பிறகு எல்லா மட்டையையும் ஒண்டா அடுக்கி, அந்தத் துளைக்குள்ள நீட்டுக் கம்பி ஒண்டை விட்டுத் தூக்கினால், வெட்டின மட்டையெல்லாம் பொலபொலவெண்டு கீழ விழும். வெட்டாதது கம்பியில தொங்கும். ஒரு நாள் முழுக்கத் தேடுறதைக் கம்பி ஒரு நிமிசத்தில எடுத்துத் தந்துபோடும்.

“கொழும்பில ஒரு அறை நிறைய மெசின் வைச்சுச் செய்யிற வேலையைத்தான் இதுவும் செய்யுது, பூமணி,” எண்டார் டொக்டர். “கரண்ட் மட்டும் தேவையில்லை.”

அவர் கொண்டந்த கம்பி ரெண்டாம் கிழமையே காணாமல் போச்சுது. பிறகு ஒருநாள் அதை ஒரு மிசியின்ர, அதான் நேர்ஸின்ர, கொண்டையில கண்டனான். கேக்கேல்ல, சண்டைக்கு வருவா. முத்தையா அண்ணை தன்ர சைக்கிள் சில்லில ஒரு கம்பியைக் கழட்டி, கல்லில வைச்சு நிமித்தித் தந்தார். பாவம் மனுசன், அதுக்குப் பிறகு கப்பல்துறையில இருந்து ஆடி ஆடித்தான் வேலைக்கு வருவார்.

துளை வெட்டுறதுக்கு ஐயா வழி சொன்னார். என்ர ஐயா றெயிலில ரிக்கற் பரிசோதிச்சு இளைப்பாறினவர். அவரின்ர பழைய ரிக்கற் வெட்டுற குறடு வீட்டில கிடந்தது. “இவ்வளவு காலமும் பயணியளை வெட்டினது, இனி நோய் வருத்தத்தை வெட்டட்டும்,” எண்டு எண்ணெய் போட்டுத் தந்தார். குறடு கடிக்கிற சத்தம் இருக்கே, டக் எண்டு, இப்ப நினைச்சாலும் என்ர உள்ளங்கையில அது துடிக்கும்.

மழைக்காலத்திலதான் கரைச்சல். கடற்காத்துக்கும் ஈரத்துக்கும் மட்டை ஊறி ஒண்டோட ஒண்டு ஒட்டிப்போடும், விழவேண்டியது விழாது. அதுக்குப் பிள்ளையளுக்குப் பூசுற பவுடரை மட்டைக்கு மேல தூவுவன். வெளியில கருவாட்டு மணம், உள்ளுக்க பவுடர் மணம். எங்கட பதிவறை குளிப்பாட்டின பிள்ளை மாதிரி மணக்கும்.

எனக்கு ‘கொம்பியூட்டர் பூமணி’ எண்டு பட்டம் வந்தது. வராமல் இருந்திருக்கலாம். மண்டைக்கனமும் சேர்ந்து வந்தது.

மட்டை இல்லாட்டி ஊசி இல்லை

சில பிள்ளையளுக்குத் தொண்டை நோவு வந்து, பிறகு காய்ச்சல் வந்து, மூட்டு வீங்கும். மூட்டு மாறிப்போடும், ஆனா அந்தக் காய்ச்சல் நெஞ்சுக்குள்ள போய் இருதயத்தின்ர வால்வைக் கடிச்சு வைக்கும். திரும்பத் திரும்ப வந்தால் வால்வு போச்சுது. வராமல் தடுக்க மாதம் ஒரு பென்சிலின் ஊசி, வருசக்கணக்காப் போடவேணும். ஒரு மாதமும் விடக்கூடாது.

முந்தி எல்லாம் ஊசி அறையில இருக்கிற மிசி, பிள்ளை வந்தால் போட்டுவிடுவா. மட்டை வந்த பிறகு ஒழுங்கு வந்தது. பழைய கொப்பியில முதல் ஊசி போட்ட திகதி எதுவோ, அதுதான் அந்தப் பிள்ளையின்ர திகதி. காலமை வந்தவுடன நான் அண்டைய திகதித் துளைக்குள்ள கம்பியை விடுவன். விழுந்த மட்டையெல்லாம் மேசையில பரவியிருக்கும். மட்டை மேசையில இருந்தால் ஊசி. இல்லாட்டி இல்லை. அந்த நேரம் நாட்டில மருந்துத் தட்டுப்பாடு, திகதிக்கு முந்தி ஊசியை வீணாக்க ஏலாது.

திகதிக்கு வந்தால் ஒரு அடையாளம். வராட்டி மாதக்கடைசியில, வரிசையா இருந்த மூண்டு ‘வராதவர்’ துளையில ஒண்டில டக். மூண்டாம் டக் விழுந்தால் மட்டை டொக்டரிட்டப் போகும், ஊசி வேண்டாமெண்டு விட்டிட்டினம் எண்டு பேரை எடுக்கிறதுக்கு.

எத்தினை பேரைத் ‘திகதிக்கு வாங்கோ’ எண்டு திருப்பி அனுப்பியிருப்பன்? எனக்கு ஒரு முகமும் ஞாபகமில்லை. நான் மேசையைப் பார்த்துத்தான் பதில் சொல்லுவன்.

சரி, பரீதாவின்ர மட்டையோட டொக்டரிட்டப் போனன். அவர் வாங்கிக் கனநேரம் பார்த்தார்.

“ஒரு வருசம் ஒழுங்கா வந்த பிள்ளை. ஏன் திடீரெண்டு நிண்டது?”

“தெரியேல்ல டொக்டர். அலட்சியமா இருக்கும். பேரை எடுத்துவிடவோ?”

அவர் சத்தம் போடுற மனுசனில்லை. மட்டையை என்ர கையிலயே திருப்பித் தந்தார். “எடுக்கிறதெண்டால் ஆளைக் கண்டுபோட்டு எடுப்பம். நாளைக்கு லோஞ்சில போய்ப் பார்த்துக்கொண்டு வாங்கோ, பூமணி.”

எனக்கு மூக்குக்கு மேல கோவம். நான் என்ன வீடு வீடாப் போற மருத்துவிச்சியே?

கொட்டியாரக் குடா

அடுத்த நாள் காலமை, குடாவுக்கு அங்கால மூதூருக்கு ஆக்களை ஏத்துற மோட்டர் வள்ளம், அந்த லோஞ்சில ஏறினன். கொட்டியாரக் குடா அண்டைக்கு எழும்பி எழும்பி விழுந்தது. டீசல் புகையும் உப்புத் தண்ணியும் மூஞ்சையில அடிச்சு, பாதி வழியில காலமைச் சாப்பாடு வெளியில வந்திட்டுது. பக்கத்தில இருந்த மூதூர்க் கிழவர் ஒருவர் தன்ர துவாயைத் தந்து, “வருத்தக்காரரையும் ஏத்திக்கொண்டு நாங்க இதிலதானே மகள் வாறம்,” எண்டு சிரிச்சார். நான் சிரிக்கேல்ல. சிரிக்கிற நிலையில இல்லை.

மட்டையில விலாசம் ‘பள்ளிவாசலுக்குப் பின்னால’ எண்டுதான் இருந்தது. தேத்தண்ணிக் கடையில கேட்டன். “நெஞ்சு வருத்தக்காரப் புள்ளையா? ஆசியா உம்மாட ஊடு,” எண்டு கைகாட்டிச்சினம்.

கிடுகு வேலிப் படலையைத் திறந்தவ பரீதாவின்ர தாய், ஆசியா உம்மா. நாப்பது வயது இருக்கும். மனுசன் கடலோட போனால் கிழமைக்கணக்கில வீட்டுக்கு வராதவராம். அவ என்னை ஏற இறங்கப் பார்த்தா. நான் ஆரெண்டு சொல்ல முதலே, “நீங்க கம்பி வெச்சிருக்கிற புள்ளதானே?” எண்டா.

“ஓம். ஆஸ்பத்திரியில இருந்து வாறன். உங்கட மகளை ஏன் மூண்டு மாதமா ஊசிக்குக் கொண்டு வரேல்ல?”

அவ சீலைத் தலைப்பை இழுத்து விட்டா.

“உள்ளுக்கு வாங்க,” எண்டா.

கரிக்கோடு

குசினிக்குள்ள கூட்டிக்கொண்டு போனா. அடுப்படிச் சுவரில கரியால வரிசையாக் கோடு இழுத்திருந்தது. எல்லாம் நிமிர்ந்து நிண்ட கோடு. கடைசி மூண்டு மட்டும் படுத்துக் கிடந்தது.

“தலைப்பிறை கண்ட அடுத்த நாள் முதல் ஊசி போட்ட. மாசத்துக்கு ஒருக்கா வரணுமெண்டு பெரிய டொக்டர் சென்ன. அதால பிறைக்குப் பிறை நான் வாறன். நிண்ட கோடெல்லாம் ஊசி போட்டது.” விரலால ஒண்டு ஒண்டாத் தொட்டுக்கொண்டு கடைசி மூண்டுக்கும் வந்தா. “இது நோம்புக்கு முந்தின விராத்து மாசம். இது நோம்பு. இது பெருநாளுக்கு அடுத்த நாள்.”

“அந்த மூண்டும் ஏன் படுத்துக் கிடக்கு?”

“வந்து திரும்பினது.”

நான் அந்த மூண்டு கோட்டுக்கும் கிட்டப் போய்க் குனிஞ்சு பார்த்தன்.

“நோம்போட லோஞ்சில வந்தன் புள்ள. இவளையும் தூக்கிக்கிட்டு. நீங்க கம்பியக் கையில வெச்சிக்கிட்டு, ‘மட்டை விழல்ல, திகதிக்கு வாங்க’ண்டு சென்னீங்க. என் மொகத்தக்கூடப் பாக்கல்ல. எந்தத் திகதியெண்டும் செல்லல்ல. திகதி எனக்கென்னண்டு தெரியும்? சரி, அடுத்த பிறைக்கு வருவமெண்டு போனன். அப்பவும் அதயே சென்னீங்க.”

கணக்குப் பார்த்தால் விளங்கும். பிறை மாதம் எங்கட கலண்டர் மாதத்தை விடக் கொஞ்சம் கட்டை. முதல் ஊசி இருபதாம் திகதி. ஒரு வருசத்தில அவவின்ர பிறை ஒன்பதாம் பத்தாம் திகதிக்கு வந்திட்டுது. மிசி போட்ட காலத்தில முந்தி வந்தாலும் பிந்தி வந்தாலும் ஊசி போட்டாச்சு. மட்டை வந்தது, பத்து நாள் முந்தி வந்த தாய் பிள்ளையோட திரும்பிப் போனா. அந்த மாதக்கடைசியில நான் ‘வராதவர்’ துளையில டக் எண்டு குறட்டை வைச்சன். மூண்டு தரமும் நான்தான்.

வந்து திரும்பினதுக்கு எழுத்துத் தெரியாத அந்த மனுசியிட்ட ஒரு அடையாளம் இருந்தது. இங்கிலாந்தில இருந்து வந்த என்ர மட்டையில இருக்கேல்ல. நிலம் வெடிச்சு உள்ள போனால் காணும் போல இருந்தது எனக்கு.

“பிள்ளை எங்க?” எண்டு கேட்டன்.

பரீதா உள்ளுக்க பாயில படுத்திருந்தா. முழங்கால் வீங்கி, தொட்டால் கையை இழுத்துக்கொள்ள வேணும் போல சூடு. மூண்டு நாளாக் காய்ச்சலாம். என்னைக் கண்டவுடன தாயின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, “உம்மா, இப்பயும் இல்லண்டு செல்லுவாங்களா?” எண்டு கேட்டா.

ஐயோ, என்ர பிள்ளை. அந்த ஒரு கேள்வி போதும் எனக்கு.

“இல்லை அம்மா, இல்லை. நான் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தனான்,” எண்டன். அந்தப் பின்னேர லோஞ்சிலயே வெளிக்கிட்டம். போகேக்க சத்தி எடுத்த எனக்கு வரேக்க கடல் எழும்பினதும் தெரியேல்ல. பரீதாவின்ர தலை என்ர மடியில இருந்தது. அவளின்ர நெஞ்சு அடிக்கிறது என்ர கையில தட்டுப்பட்டது, ஒழுங்கில்லாமல், ஓடி வந்து நிண்ட பிள்ளைக்கு அடிக்கிற மாதிரி.

வாட்டில

டொக்டர் குழாயை வைச்சு நெஞ்சைக் கனநேரம் கேட்டார். முன்னுக்கு, முதுகில, திரும்பவும் முன்னுக்கு. பிறகு குழாயைக் கழுத்தில போட்டுக்கொண்டு தாயைப் பார்த்தார்.

“சத்தம் கூடியிருக்கு. திரும்பக் காய்ச்சல் பிடிச்சிட்டுது. மூண்டு மாதம் அம்மா! ஏன் கொண்டு வரேல்ல? இது உங்கட பிள்ளையில்லையே?”

ஆசியா உம்மா என்னை ஒருக்காப் பார்த்தா, பிறகு நிலத்தைப் பார்த்தா.

அவ என்னைக் காட்டிக்குடுக்கேல்ல. நல்ல மனம் எண்டு நினையாதேங்கோ. மட்டை வைச்சிருக்கிறவளைப் பகைச்சால் நாளைக்கு இந்தப் பிள்ளைக்கு ஆர் ஊசி தாறது எண்ட பயம். அது அவவின்ர கண்ணில எழுதியிருந்தது. என்ர ஆயுளில என்னை அப்பிடி ஒருத்தரும் பார்த்ததில்லை, இனிப் பார்க்கவும் வேண்டாம்.

எனக்கும் பயம்தான். வேலை போனால் ஐயாவின்ர பென்சனில எத்தினை வயிறு? பேசாமல் நிண்டிருந்தால் ஆருக்கும் தெரியாது. மட்டையில ‘வராதவர்’ எண்டு மூண்டு வெட்டு இருக்கு, மட்டை பொய் சொல்லாது எண்டு ஊரே நம்பும்.

“இல்லை டொக்டர்,” எண்டன். “அவ வந்தவ. மூண்டு தரமும் வந்தவ. நான்தான் திருப்பி அனுப்பினனான்.”

பிறை, கரிக்கோடு, நோன்பு எல்லாத்தையும் சொன்னன். சொல்லி முடியேக்க அழுதுகொண்டு நிண்டன். வாட்டு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

டொக்டர் மட்டையை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடிச்சார். நாலு கரையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வந்தவ, நாங்கள் அனுப்பிப்போட்டம் எண்டதுக்கு இதில ஒரு துளையும் இல்லையே, பூமணி,” எண்டார். “ஆர் எந்தத் துளையெண்டு தீர்மானிச்சது? நான்தானே.” மட்டையைக் கட்டிலில வைச்சுப்போட்டு, “இந்த ஊசியை நாலு கிழமைக்கு ஒருக்காப் போடுறதுதான் சரி. எங்கட மாதத்தை விட இந்த அம்மாவின்ர பிறைதான் அதுக்குக் கிட்ட,” எண்டார். பிறகு ஆசியா உம்மாவுக்கு முன்னால கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு கேட்டார். டொக்டர்மார் நோயாளரிட்ட மன்னிப்புக் கேக்கிறதை நான் அண்டைக்குத்தான் முதலும் கடைசியுமாப் பார்த்தன்.

மூலைத் துளை

மட்டையின்ர மூலையில ஒரு துளை ஒண்டுக்கும் பாவிக்காமல் கிடந்தது. அடுத்த கிழமை அதைப் பிறைத் துளையாக்கினம். மூதூர், கிண்ணியாப் பக்கத்துப் பிள்ளையளின்ர தாய்மாரைக் கேட்டால், பாதிப்பேர் பிறை பார்த்துத்தான் வந்திருக்கினம். இவ்வளவு நாளும் நாங்கள் ஒருத்தரையும் கேக்கேல்ல. தலைப்பிறை கண்ட செய்தி வந்தால் அடுத்த நாள் காலமை மூலைத் துளைக்குள்ள கம்பி போகும். பொலபொலவெண்டு விழும்.

இன்னொரு வேலையும் செய்தன். மேசையில மட்டை இல்லாத ஆள் வந்து நிண்டால் முதல்ல “இருங்கோ” எண்டு சொல்லுறது. பிறகுதான் ஏன் எண்டு கேக்கிறது. அதுக்குத் துளை தேவைப்படேல்ல.

எண்பதுகளின்ர தொடக்கத்தில எனக்கு வேற ஊருக்கு மாற்றம் வந்தது. அந்த மட்டையள் பிறகு என்னானதோ தெரியாது. நான் போற கிழமை பரீதா என்னைப் பார்க்க வந்தா. வளர்ந்த பொம்பிளை, கலியாணம் பேசியிருந்தினம். சிரிச்சுக்கொண்டு வந்தவ, ஆஸ்பத்திரிப் படி ஏறேக்க நடுவில ஒருக்கா நிண்டு மூச்சு வாங்கினா. ஆறு படிதான். அவ ஏன் அதில நிண்டவ எண்டு எனக்குத் தெரியும். என்ர சாவு வரைக்கும் தெரியும்.

ஆனா எனக்குக் கூட ஞாபகம் வாறது வேற ஒரு நாள். பரீதா கிழமைக்கணக்கா வாட்டில கிடந்து, காய்ச்சல் விட்டு, வீட்டை போன நாள். மழை விட்டிருந்தது. ஆசியா உம்மா மகளின்ர உடுப்பைப் பையில கட்டிக்கொண்டு பதிவறை வாசலுக்கு வந்தா. உள்ளுக்க வரேல்ல, வாசலிலயே நிண்டா.

“அடுத்த ஊசி எப்ப புள்ள?”

பழக்க தோசம், என்ர கண் கலண்டருக்குப் போட்டுது. திருப்பி அவவின்ர முகத்தைப் பார்த்தன்.

“தலைப்பிறை கண்ட அடுத்த நாள் வாங்கோ, உம்மா.”

அவ தலையை ஆட்டினா. பையை மற்றக் கைக்கு மாத்தி, பரீதாவின்ர கையைப் பிடிச்சா. ரெண்டு எட்டு வைச்சுப்போட்டுத் திரும்பிப் பார்த்தா. கோவமில்லை. களைச்சுப்போன குரலில, பக்கத்து வீட்டுப் பிள்ளையோட கதைக்கிற மாதிரித்தான் சொன்னா:

“இத நீங்க அண்டைக்கே செல்லியிருக்கலாமே, புள்ள.”